உச்ச நீதிமன்றத்தின் முதல் கேள்வி: இந்த வழக்கைக் கேட்க வேண்டுமா?

உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தாக்கலான மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், "உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது" என்றே மறுநாள் செய்தி வருகிறது. பெரும்பாலான வழக்குகளில் அப்படி எதுவும் நடந்திருக்காது. கீழேயுள்ள தீர்ப்பு சரி என்றும் நீதிபதிகள் சொல்லியிருக்க மாட்டார்கள், தவறு என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வழக்கை நாங்கள் எடுத்து விசாரிக்கப் போவதில்லை என்று மட்டுமே சொல்லியிருப்பார்கள். இந்த வேறுபாடு சட்டத்தில் ஆழமானது, வழக்கில் தோற்றவருக்கு அதன் விளைவும் பெரியது. அதைப் புரிந்துகொள்ள, எந்த வழக்கைக் கேட்பது, எதை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் எப்படி முடிவு செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செல்லும் பாதைகள் பல. சிலவற்றில் நீதிமன்றம் மறுக்க முடியாது. விடுதலையான ஒருவரை உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று மாற்றித் தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தால், அவர் உரிமையாகவே மேல்முறையீடு செய்யலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. ஆயுள் தண்டனைக்கும், பத்தாண்டும் அதற்கு மேலுமான சிறைத் தண்டனைக்கும் அந்த உரிமையை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் நீட்டித்தது. அரசமைப்புச் சட்டத்தின் பொருள் குறித்த முக்கியமான வினா எழுந்திருப்பதாகவோ, சிவில் வழக்கில் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருப்பதாகவோ உயர் நீதிமன்றமே சான்றிதழ் தந்தால் 132, 133-ஆவது பிரிவுகளின் வழியாக வரலாம். முன்பு 20,000 ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள சிவில் வழக்குகளுக்கென்றே ஒரு பாதை இருந்தது. 1972-ஆம் ஆண்டின் 30-ஆவது திருத்தம் அந்தப் பண அளவுகோலை நீக்கிவிட்டது. இவை தவிர, தேர்தல் வழக்கு, நுகர்வோர் ஆணையம், தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் என்று தனித்தனிச் சட்டங்கள் நேரடி மேல்முறையீட்டுக்கு இடம் தருகின்றன. ஆனால் இன்று உச்ச நீதிமன்றத்தில் குவிந்து கிடக்கும் வழக்குகளில் பெரும்பகுதி இந்தப் பாதைகளில் வந்தது அல்ல. அவை 136-ஆவது பிரிவின்கீழ் வந்த சிறப்பு அனுமதி மனுக்கள். வழக்கறிஞர்கள் பேச்சில் எஸ்.எல்.பி.

136-ஆவது பிரிவின் சொற்கள் வியப்பூட்டும் அளவுக்கு விரிந்தவை. இந்தியாவிலுள்ள எந்த நீதிமன்றமோ தீர்ப்பாயமோ, எந்த வழக்கிலும் பிறப்பித்த எந்தத் தீர்ப்பு, தண்டனை, உத்தரவு ஆனாலும், உச்ச நீதிமன்றம் தன் விருப்புரிமையின்பேரில் மேல்முறையீட்டுக்குச் சிறப்பு அனுமதி தரலாம். ஆயுதப் படைகள் தொடர்பான சட்டங்களின்கீழ் அமைந்த நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் மட்டுமே இதற்கு விலக்கு. எப்போது அனுமதி தர வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. இது கவனக்குறைவால் நேர்ந்தது அன்று. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அப்போதைய 112-ஆவது வரைவுப் பிரிவாக இது விவாதிக்கப்பட்டபோது, சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவரும் வரைவுக் குழுவின் உறுப்பினருமான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், இந்த அதிகாரம் மிக விரிந்தது என்றும், அதைப் பயன்படுத்தும் நெறிகளை நீதிமன்றம் காலப்போக்கில் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். அதுவரை இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இந்தியாவிலிருந்து மேல்முறையீடு செல்வது அதே ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. அதன் இடத்துக்கு வரும் நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடச் சபை விரும்பவில்லை.

நடைமுறையில் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் மனு தாக்கலாக வேண்டும்; உயர் நீதிமன்றம் சான்றிதழ் தர மறுத்திருந்தால் அந்த மறுப்பிலிருந்து 60 நாட்கள். நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர வேண்டும். மனுதாரர் தானே நேரில் வாதாடாவிட்டால், உச்ச நீதிமன்றத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞர் வழியாகவே தாக்கல் செய்ய முடியும். மனுவின் முதல் பக்கங்களில் வழக்கின் சுருக்கமும், நடந்தவை தேதிவாரியாக அடுக்கப்பட்ட பட்டியலும் இருக்கும். அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் அதிக நேரம் செலவிடுவது அந்தச் சில பக்கங்களில்தான். ஏனென்றால் முந்தைய நாள் இரவு வீட்டில் ஐம்பது, அறுபது கோப்புகளைப் புரட்டும் நீதிபதியின் மனத்தில் வழக்கைப் பற்றிய முதல் எண்ணம் அங்கேதான் உருவாகிறது. புதிய ஆவணங்களை விருப்பம்போல் சேர்க்க இயலாது. கீழ் நீதிமன்றத்தின் முன் இருந்தவற்றை வைத்தே மனு அமைந்திருக்கிறது என்று வழக்கறிஞர் சான்று தர வேண்டும்.

பிறகு வழக்கு இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வருகிறது. திங்களும் வெள்ளியும் இத்தகைய புதிய மனுக்களுக்கான நாட்கள் என்பது நெடுங்கால வழக்கம். ஒரு மனுவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பல நேரங்களில் மனுதாரரின் வழக்கறிஞர் வாய் திறப்பதற்கு முன்பே நீதிபதி ஒரு கேள்வி கேட்பார்: "இரண்டு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன, நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?" அந்தக் கேள்விக்கு முதல் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்ல முடியாத வழக்குக்கு அநேகமாக அங்கேயே முடிவு வந்துவிடும். தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருந்தால் ஒழிய, இந்தக் கட்டத்தில் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சில நிமிடங்களின் முடிவில் வரும் உத்தரவு ஒரே வகையானது அல்ல. மனு தள்ளுபடி ஆகலாம். மனுதாரர் திரும்பப் பெற அனுமதிக்கப்படலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகலாம். நோட்டீஸ் என்பது, இதில் கேட்கத் தக்கது ஏதோ இருக்கலாம் என்ற எண்ணம் மட்டுமே, அனுமதி அன்று. இரு தரப்பையும் கேட்ட பின்னும் மனு தள்ளுபடி ஆவதுண்டு. அனுமதி வழங்கப்பட்டால் அந்தக் கணமே மனு மேல்முறையீடாக மாறி, புதிய எண் பெற்று, உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்துக்குள் நுழைகிறது. அனுமதி தந்த அன்றே வழக்கைக் கேட்டு முடித்துவிடுவதும் இப்போது சாதாரணம்.

எந்த அளவுகோலில் இதெல்லாம் நடக்கிறது என்ற கேள்வி நீதிமன்றத்தின் வயதைப் போலவே பழையது. 1950 மே மாதத்தில், தொடங்கிச் சில மாதங்களே ஆன உச்ச நீதிமன்றத்தின் முன் பஞ்சாபிலிருந்து ஒரு கொலை வழக்கு வந்தது. பிரீத்தம் சிங் என்ற அந்த மேல்முறையீட்டாளருக்குச் சிறப்பு அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. அனுமதி கிடைத்துவிட்டதால் சாட்சியங்கள் முழுவதையும் முதலிலிருந்து வாதாடலாம் என்று அவர் தரப்பு கருதியது. நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. விதிவிலக்கான, சிறப்பான சூழ்நிலைகள் இருக்க வேண்டும், பெரிய அநீதி நடந்திருக்க வேண்டும், மறுபரிசீலனை செய்யும் அளவுக்கு வழக்கில் கனமான அம்சங்கள் இருக்க வேண்டும். அனுமதி தரும்போது இருக்கும் இந்த அளவுகோலே இறுதி விசாரணையிலும் நிற்கும் என்றது. ஆனால் எவை சிறப்பான சூழ்நிலைகள் என்று அந்தத் தீர்ப்பு பட்டியல் போடவில்லை. இன்றுவரை எந்தத் தீர்ப்பும் கட்டுப்படுத்தும் பட்டியல் ஒன்றைப் போட்டதில்லை.

பட்டியல் போடாததற்கு நல்ல காரணம் உண்டு என்பதை 1954-இல் வந்த தாகேஸ்வரி பருத்தி ஆலை வழக்கு காட்டுகிறது. அது வருமான வரி வழக்கு. கணக்கு விவரங்களைப் பற்றிய தகராறு. மேலோட்டமாகப் பார்த்தால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தலையிட அதில் எதுவுமில்லை. ஆனால் ஆலையின் லாபத்தைக் கணக்கிட, மற்ற ஆலைகளைப் பற்றி வரித்துறைப் பிரதிநிதி கொடுத்த தகவலை, ஆலைக்குக் காட்டாமலே தீர்ப்பாயம் பயன்படுத்தியிருந்தது. மறுக்க வாய்ப்பே தராத ஆதாரத்தின் மேல் கட்டப்பட்ட முடிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 136-ஆவது பிரிவின் எல்லையை எந்த விதியைக் கொண்டும் வரையறுக்க முடியாது என்று அப்போது சொன்னது. அனுமதிக்கான வழக்கு வகைகளை முன்பே எழுதி வைத்திருந்தால் இந்த வழக்கு உள்ளே வந்திருக்குமா என்பது ஐயமே.

இதன் மறுபக்கத்தை 1986-ஆம் ஆண்டின் பீகார் சட்ட உதவிச் சங்க வழக்கில் காணலாம். தொழிலதிபர்கள் இருவரின் ஜாமீன் மனுவை உச்ச நீதிமன்றம் இரவு நேரத்தில் விசாரித்து நிவாரணம் தந்திருந்தது. சாதாரண மனிதர்களின் மனுக்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்று அந்தச் சங்கம் வழக்குப் போட்டது. தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள், எளியவர்களின் வழக்குகளும் அதே பரிவோடுதான் பார்க்கப்படும் என்று உறுதி சொன்னார்கள். கூடவே ஒரு கசப்பான உண்மையையும் சொன்னார்கள்: அநீதி நடந்திருக்கிறது என்று தோன்றும் ஒவ்வொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தலையிடாது, தலையிட்டால் வழக்குகள் மலைபோல் குவிந்து, எந்த அநீதியையும் சரிசெய்ய முடியாத நிலைக்கு அது தள்ளப்படும். நீதிமன்றம் தன் வாயாலேயே இதை ஒப்புக்கொண்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தள்ளுபடியான மனு நியாயமற்ற மனு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அளவுகோலை எழுத்தில் வைக்கும் முயற்சி ஒன்று 2010-இல் நடந்தது. கேரளத்திலிருந்து வந்த ஓர் உயில் வழக்கில், இதுபோன்ற மனுக்களெல்லாம் ஏன் இங்கே வருகின்றன என்று மார்க்கண்டேய கட்ஜு உள்ளிட்ட இரு நீதிபதிகள் வருந்தி, மூத்த வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் ஓர் உரையில் முன்வைத்திருந்த வகைகளை எடுத்துக் காட்டினார்கள். அரசமைப்புச் சட்ட விளக்கம், தேசிய அல்லது பொது முக்கியத்துவம், சட்டங்களின் செல்லுபடி, உயர் நீதிமன்றங்களுக்கிடையே முரண்பட்ட தீர்ப்புகள், கடுமையான நீதிப்பிறழ்வு ஆகியவை அவற்றில் முதன்மையானவை. இந்த வரையறையை ஏற்கலாமா என்று முடிவு செய்ய வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2016 ஜனவரியில் அந்த அமர்வு மறுத்துவிட்டது. அதிகாரத்தைக் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும், ஆனால் அதற்கு வேலி போடுவது சரியன்று என்பதே அதன் முடிவு.

எழுதப்படாத அளவுகோல் என்றால் அளவுகோலே இல்லை என்று பொருளில்லை. பல்லாண்டு உத்தரவுகளைப் படித்தால் ஒரு போக்கு தெரியும். இரண்டு உயர் நீதிமன்றங்கள் ஒரே சட்டப் பிரிவுக்கு எதிரெதிர் பொருள் கொண்டிருந்தால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கானோரின் ஓய்வூதியத்தையோ வரியையோ பாதிக்கும் சட்டக் கேள்விக்கும் அப்படியே. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சாட்சியங்களைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருந்தால், அந்த முடிவு எந்த நியாயமான மனிதரும் எடுக்க முடியாதது என்று காட்டினால் ஒழிய, கதவு திறப்பது அரிது. இடைக்கால உத்தரவுகள், கீழேயே வேறு பரிகாரம் உள்ள வழக்குகள், ஜாமீன் நிபந்தனைகள் ஆகியவற்றில் பொதுவாகத் தயக்கம் உண்டு. ஜாமீனில் மட்டும் அந்தத் தயக்கம் அமர்வுக்கு அமர்வு பெரிதும் மாறுபடுகிறது.

இனி தள்ளுபடியின் விளைவுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் குஞ்ஞகம்மது வழக்கில் இது விரிவாக விளக்கப்பட்டது. கேரளத்தில் ஒரு நிலம் தனியார் வனச் சட்டத்தின்கீழ் அரசுக்குச் சேராது என்று கோழிக்கோடு வனத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. சிறப்பு அனுமதி மனுவும் தள்ளுபடியானது. பின்னர் உயர் நீதிமன்றத்திலேயே அரசு மறுஆய்வு கேட்டபோது, உச்ச நீதிமன்றம் முடித்துவைத்ததை எப்படித் திறக்க முடியும் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி லகோட்டி எழுதிய தீர்ப்பு அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளுபடி செய்தால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோடு கலந்துவிடுவதில்லை, அது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பாகவே நிற்கிறது. 141-ஆவது பிரிவின்படி நாடெங்கும் கட்டுப்படுத்தும் சட்டமும் அதனால் பிறப்பதில்லை. காரணம் சொல்லித் தள்ளுபடி செய்திருந்தால் அதில் சொன்ன சட்டக் கருத்து கட்டுப்படுத்தும், ஆனால் அப்போதும் தீர்ப்புகள் கலப்பதில்லை. அனுமதி தந்து மேல்முறையீடாக மாறிய பிறகு தரும் முடிவுதான், ஒரு வரியில் இருந்தாலும், கீழ்த் தீர்ப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது.

இதற்கு இரண்டாண்டு முன்பு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், சிறப்பு அனுமதி மனு தள்ளுபடியான பிறகு உயர் நீதிமன்றம் மறுஆய்வில் தன் தீர்ப்பையே மாற்றியதை, நீதித்துறை ஒழுங்குக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருந்தது. இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதுபோல் தோன்றியதால் வழக்கறிஞர்கள் நெடுநாள் குழம்பினார்கள். 2019-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் குஞ்ஞகம்மது வழக்கின் நிலையையே உறுதிசெய்து குழப்பத்தைத் தீர்த்தார்கள். ஆகவே தள்ளுபடிக்குப் பின்னும் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கும் கதவு சட்டப்படி அடைபடுவதில்லை. மறுஆய்வின் வரம்பு குறுகலானது, பதிவேட்டிலேயே தெரியும் பிழை போன்ற காரணங்கள் வேண்டும் என்பது வேறு.

தள்ளுபடியைப் பற்றிய தவறான எண்ணம் மக்களிடம் மட்டுமன்று, அரசு அலுவலகங்களிலும் இருக்கிறது. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக ஒரு மனுவைக் கொண்டுவந்தது. நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு அதைத் தள்ளுபடி செய்து 25,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. தோற்பது உறுதி என்று தெரிந்தே, உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது, இனி எங்களால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கோப்பில் எழுதிக்கொள்வதற்காக வரும் இத்தகைய மனுக்களைச் 'சான்றிதழ் வழக்குகள்' என்றே அந்த உத்தரவு குறிப்பிட்டது. தாமதம் செய்த அதிகாரிகள் தப்பிக்க நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் நேரம் செலவாகிறது. அந்த நேரம் சிறையில் இருக்கும் ஒருவரின் மனுவிலிருந்து எடுக்கப்பட்டது.

காரணம் சொல்லாமல் மறுக்கலாம் என்ற பொதுவிதிக்கு ஒரு விலக்கை நீதிமன்றமே ஏற்படுத்தியிருக்கிறது. மரண தண்டனையை எதிர்த்த மனுக்களை, தண்டனையைப் பொறுத்தவரையாவது காரணம் சொல்லாமல் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2018-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்கு முன்பு ஒற்றை வரியில் தள்ளுபடியான மரண தண்டனை மனுக்கள் இருந்தன என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

பிற நாடுகளின் உயர்ந்த நீதிமன்றங்களும் தேர்ந்தெடுத்தே கேட்கின்றன. வேறுபாடு தேர்வை யார் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1925-ஆம் ஆண்டின் சட்டம் இந்தச் சுதந்திரத்தைப் பெருமளவில் தந்தது. ஆண்டுதோறும் வரும் ஆயிரக்கணக்கான மனுக்களில் அறுபது, எழுபது வழக்குகளையே அது முழுமையாக விசாரிக்கிறது. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் விரும்பினால் போதும், வழக்கு உள்ளே வரும். பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் மனுவைப் படித்து, பொது முக்கியத்துவம் உள்ள, வாதிடத்தக்க சட்டக் கேள்வி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் தேர்வு செய்வது முழு நீதிமன்றம்; அதனால் அதற்கு ஒரே குரல் இருக்கிறது. இந்தியாவில் 1950-இல் எட்டாக இருந்த நீதிபதிகளின் எண்ணிக்கை வரம்பு 2019-இல் 34 ஆனது. தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கேட்டார்கள். இன்று ஒரே காலையில் பத்துக்கும் மேற்பட்ட அமர்வுகள் இருவர் இருவராக இந்த விருப்புரிமையைப் பயன்படுத்துகின்றன. ஒரே வகை மனுவுக்கு ஓர் அறையில் நோட்டீசும் அடுத்த அறையில் தள்ளுபடியும் கிடைப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. தனிப்பட்ட நீதிபதிகளின் குறை என்று அதைச் சொல்லிவிட முடியாது.

தொலைவும் ஒரு வடிகட்டியாக வேலை செய்கிறது. மனு எவ்வளவு தகுதியானதாக இருந்தாலும், அதைத் தாக்கல் செய்ய தில்லியில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தும் வசதி வேண்டும். தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தோற்றவர் உச்ச நீதிமன்றம் செல்வதும், மதுரை அமர்வில் தோற்ற விவசாயி செல்வதும் ஒரே அளவு எளிதானவை அல்ல. 2009-இல் சட்ட ஆணையம் தனது 229-ஆவது அறிக்கையில், அரசியல் சாசன வழக்குகளுக்கு தில்லியில் ஓர் அமர்வும், மேல்முறையீடுகளுக்கு தில்லி, சென்னை அல்லது ஐதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய இடங்களில் நான்கு அமர்வுகளும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் இதுபோன்ற யோசனைகளைத் தொடர்ந்து ஏற்க மறுத்துவந்திருக்கிறது. சென்னை வழக்கறிஞர் வி. வசந்தகுமார், சென்னை, மும்பை, கொல்கத்தாவில் கிளைகளோடு தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2016 ஜூலையில் அந்த வினாக்கள் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

அப்படி ஒரு நீதிமன்றம் அமைய அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்குக் காத்திராமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. தள்ளுபடி உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை, இது இடைக்கால உத்தரவு, வேறு பரிகாரம் இருக்கிறது, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லை, கீழ்த் தீர்ப்பின் தகுதியைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சில அமர்வுகள் ஏற்கெனவே இப்படி எழுதுகின்றன. எல்லா அமர்வுகளும் எழுதினால், தோற்றவர் அடுத்து உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பதா, விசாரணை நீதிமன்றத்துக்குத் திரும்புவதா, வழக்கை அத்தோடு விடுவதா என்பதை உத்தரவைப் படித்தே தீர்மானிக்கலாம். அதே நிலையில் உள்ள இன்னொருவரும் தில்லிக்கு மனு அனுப்புவதற்கு முன்பு ஒரு முறை யோசிப்பார்.